மாட்டரிப்பு

ஜூன் வந்தால் எங்கள் தொலைபேசிக்குக் காய்ச்சல்.
டென்னசி, கம்பர்லாண்ட் மலைச்சரிவு,
வேளாண் ஆலோசனை அலுவலகம்:
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
மண் மாதிரிப் பைகள்,
நான்.

எட்டு பத்துக்கு டெல்மர் லெட்பெட்டர்.
"மாட்டரிப்பு. வேலியை விழுங்கிவிட்டது.
இப்போது கூரைத் தகட்டுக்கடியில் விரல்விட்டுப் பார்க்கிறது.
எதை ஊற்றினால் சாகும்?"
அறுத்துப் பார்த்தாராம், எரித்துப் பார்த்தாராம்,
உப்பு, டீசல், வசவு,
எதுவும் பலிக்கவில்லையாம்.
வெட்டிய இடத்தில் ஏழு முளை.
ஏழுக்கும் அவருடைய பிடிவாதம்.
கையெல்லாம் தடிப்பு என்றார்.
சொறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

எட்டு நாற்பதுக்கு ஒரு புதுக்குரல்.
பெயர் ரொவீனா. மெம்ஃபிஸிலிருந்து
போன மாதம்தான் குடிவந்தவள்.
"ரீங்காரச்சிட்டுக் கொடி எங்கே கிடைக்கும்?
பக்கத்து வீட்டிலிருந்து கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது,
ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டி எக்காளம்.
எனக்கு நிறைய வேண்டும்.
நேற்று ஒன்று வந்தது, கட்டைவிரல் அளவு,
காற்றிலேயே நின்றுகொண்டு குடித்தது.
எத்தனை நாள் இருக்கும் இங்கே?"
செப்டம்பர் கடைசிவரை என்றேன்.
அப்புறம் வளைகுடாவைத் தாண்டிப் போய்விடும்.
முகவரி கேட்டேன்.
ஹிக்கரி வளைவு, 212.
டெல்மர் 210.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வேலிச்சண்டை என் சம்பளத்தில் சேர்த்தியில்லை.
குறிப்பேட்டில் ஒரே லத்தீன் பெயரை
இரண்டு முறை எழுதினேன்.
ஒன்றுக்கு எதிரே: கொல்ல.
மற்றதற்கு எதிரே: வாங்க.

பெயர் தெரியாதவர் யாரும் இங்கே அழைப்பதில்லை.
எல்லாருக்கும் தெரியும், ஆளுக்கொன்றாக.
பவளத் தேன்கொடி என்பார்கள்,
அதையே எக்காளத் தேன்கொடி என்பார்கள்,
எக்காளம் என்று கேட்டு வாங்கிப்போனவர்
அடுத்த சனிக்கிழமை தொட்டியோடு திரும்பி வருவார்,
இது அது இல்லை என்று.
கார்டினல் கொடி என்று ஒன்று.
பதினோரு பாப்டிஸ்ட் தேவாலயம் உள்ள ஊரில்
கார்டினலுக்கு என்ன வேலை?
யாரும் கேட்டதில்லை.
அவர் பாட்டுக்குச் சிவப்பு அங்கியோடு
தபால்பெட்டி மேல் ஏறிக்கொண்டிருக்கிறார்.

மதியம் ஆர்லீட்டா ஸ்டூக்ஸ்பரி.
"புகைக்கொடி இருக்கிறதா?"
என் புத்தகத்தில் இல்லை.
பூ எப்படி என்றேன்.
வெளியே செங்கல், உள்ளே மஞ்சள் என்றாள்.
தண்டைக் குறுக்கே வெட்டினால் சிலுவை தெரியுமா?
"தெரியும்."
அப்படியென்றால் அது சிலுவைக்கொடி, அம்மா.
"இல்லை.
ஹோபர்ட்டும் அவன் தம்பியும் பன்னிரண்டு வயதில்
காய்ந்த தண்டை நறுக்கிப் பற்றவைப்பார்கள்,
கொட்டகைக்குப் பின்னால், இருமி இருமி.
சிலுவையைத்தான் பற்றவைத்தோம் என்று
கடைசிவரை அவனுக்குத் தெரியாது."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
"அவன் கல்லோரம் நடத்தான்.
கல்லில் சிலுவை ஏற்கெனவே இருக்கிறது."

நர்சரியில் சிலுவைக்கொடி என்று கேளுங்கள் என்றேன்.
"கேட்கிறேன்.
நட்ட பிறகு அப்படிக் கூப்பிட மாட்டேன்."

புகைக்கொடி.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

மாலை ஹிக்கரி வளைவு வழியாகத்தான் போனேன்,
அது என் வழி இல்லை.
ஏணியில் டெல்மர், கையில் ரம்பம்,
தலையில் விதைக் கம்பெனி கொடுத்த சிவப்புத் தொப்பி.
தொப்பிக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில்
அந்தக் கட்டைவிரல்
காற்றில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தது,
இது என்ன பூ, திறக்குமா, எப்போது திறக்கும்.
அவர் அசையவில்லை.
சொறியவும் இல்லை.
வேலிக்கு அந்தப் பக்கம்
குழாயைப் பிடித்தபடி ரொவீனா,
தண்ணீர் அவள் காலணிக்குள் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் எட்டு பத்து.
"அந்த மாட்டரிப்பு" என்றார்.
சொல்லுங்கள், டெல்மர்.
தொண்டையைச் செருமினார்.
"அவசரமில்லை.
அக்டோபரில் செத்தால் போதும்."